துரைக்குச் சொந்தமில்லாத தெரு

இலங்கை மலையகத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் சின்ன வயதைப் பற்றிப் பேசினாலும் எழுதினாலும் ஹட்டன் டவுன் தவறாமல் வந்துவிடுகிறது. பிறந்தது லயக் காம்பராவில். நடந்தது தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில். எழுத்துக் கற்றது எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்த தோட்டப் பள்ளியில். ஆனால் நினைவு ஓடிப்போய் நிற்பது பிரதான வீதியில். எப்போதாவது பார்த்த ஒரு தெரு, ஆண்டு முழுதும் வாழ்ந்த லயத்தை எப்படிப் பின்னுக்குத் தள்ளியது? விளக்கு வெளிச்சமும் மிட்டாய்க் கடையும் பிள்ளைகளை மயக்கியிருக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கடைத்தெரு பிடிக்கும்தான். ஹட்டனைப் பொறுத்தவரை அந்தப் பதில் போதாது. அந்தப் பற்றுக்குப் பின்னால் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வரலாறு இருக்கிறது. தோட்டத்துக்குள் கால் வைத்த ஒவ்வோர் அடியும் கம்பனியின் நிலம். அதை ஆண்டவர் துரை. ஹட்டன் வீதியோ அரசாங்கத்தின் வீதி, பிறகு நகர சபையின் வீதி. யாரிடமும் அனுமதி கேட்காமல் மலையகத் தமிழர் நிற்க முடிந்த முதல் பொது இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அந்தச் சின்ன வயது நினைவுகளை வெறும் ஏக்கம் என்று ஒதுக்காமல், ஒரு மக்கள் கூட்டத்தின் அரசியல் வரலாற்றுக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஹட்டன் தொழிலாளருக்காக எழுந்த ஊர் அன்று. பெயரே ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர்; முதலில் தோட்டத்துக்கு இடப்பட்டு, தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்தது. டிக்கோயா, டிம்புள, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்கள், தாங்கள் தங்கவும் தொழவும் விளையாடவும் தேவையானவற்றை முதலில் கட்டிக்கொண்டார்கள். டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878இல் எழுந்தது. அதற்குள் கோப்பியின் கதை முடியத் தொடங்கியிருந்தது. 1869இல் இலங்கையில் கண்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. மக்கள் கையில் இருந்த அதன் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான், பத்து ஆண்டுகளாக நாவலப்பிட்டியோடு நின்றிருந்த ரயில் பாதை ஹட்டனுக்கு ஏறியது. மறு ஆண்டு அது நானுஓயாவை எட்டியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்த சுரங்கம் இன்றுவரை இலங்கை ரயில் பாதையில் மிக நீளமானது. 1888இல் துரைமாருக்கென்று ஹட்டன் வங்கி தொடங்கியது. 1970இல் ஹட்டன் நஷனல் வங்கியாக மாறி நாடு முழுதும் கிளை விட்டிருப்பது அதுதான். ரயிலும் வங்கியும் தேயிலைப் பெட்டியும் ஒன்றுகூடிய இடத்தில் கடைகள் முளைத்தன. ஊரின் பிறப்புச் சான்றிதழ் துரைமாரின் பெயரில்தான் இருக்கிறது.

இந்த ஊருக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், தோட்டம் என்ற இன்னோர் உலகம் இருந்தது. அதை ஊர் என்று சொல்ல முடியாது. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டால் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். லயம் தோட்டத்தினுடையது, வீதி தோட்டத்தினுடையது, பிள்ளைக் காம்பராவும் மருந்துச் சாலையும் பள்ளியும் தோட்டத்தினுடையவை. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைப்பது நிருவாகத்தின் கடமை என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதனால் பள்ளியும் துரையின் தயவில் நின்றது. அரிசியைத் தோட்டமே கொடுத்து விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கம்பளியும் அப்படியே. 1921இல் ஒழிக்கப்படும் வரை துண்டு என்ற முறை இருந்தது: ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தத் தொகையைக் கட்டத் தயாரான வேறொரு துரை கிடைத்தால்தான் அவர் தோட்டம் மாற முடியும். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழி செய்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுத்தார்கள். இந்த மூன்றாவது எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் குழந்தைப் பருவத்துக்கு ஒரு நாள் விலை இருந்தது. அது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளையைத் தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்றோலில் ஒரு பெயராகப் பார்க்காத இடம் எதுவோ அது அதன் மனத்தில் ஆழப் பதிந்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

தோட்டம் மூடிய இடம் என்பதைச் சட்டமும் காவல் காத்தது. துரையின் சம்மதமில்லாமல் உள்ளே வந்த வெளியாள் மீது அத்துமீறி நுழைந்தார் என்று வழக்குப் போடலாம். உறவினரைப் பார்க்க வந்தவருக்கும் இந்தப் பயம் இருந்தது. சங்கம் சேர்க்க வந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். இன்னும் கொடுமை, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தொழிலாளி தன் காம்பராவிலேயே அத்துமீறியவர் ஆகிவிடுவார். 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தில், வெளியேற்ற உத்தரவுக்குப் பணியாமல் லயத்திலேயே இருந்த தொழிலாளர்கள் மீது இதே குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அது பெரும் வேலைநிறுத்தத்துக்குக் காரணமானது. பிறந்து வளர்ந்த காம்பராவே இப்படி ஒரு நாளில் அந்நியமாகிவிடக்கூடிய வாழ்க்கையில், யாராலும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு வீதியின் மதிப்பு வேறு.

சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். செனன், தரவளை, வனராஜா, போடைஸ், பட்டல்கல என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இறங்கி வருகின்றன. தென்மேல் பருவமழைக் காலமென்றால் தலையில் கம்பளி அல்லது சாக்கு. அரிசிக் காசு தோட்டத்திலேயே கழிந்துபோனதால் கையில் மிஞ்சியது சொற்பம். அதில்தான் கருவாடு, செத்தல் மிளகாய், வெத்தலை, புகையிலை, மண்ணெண்ணெய், ஒரு துண்டு சீத்தைத் துணி. தமிழ்நாட்டிலிருந்து வந்த புடவைக் கடைக்காரர், முஸ்லிம் வியாபாரி, யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக்கடை, தென்னிலங்கைச் சிங்களவரின் பாண் பேக்கரி எல்லாம் ஒரே வரிசையில். புடவைக் கடையில் துணியைக் கஜக்கோலில் இழுத்து அளந்து, கத்தரியை ஓரத்தில் வைத்து ஒரே கிழியாகக் கிழிப்பார்கள். வாசலோரத்துத் தையற்காரர் பிள்ளையின் தோளை அளந்துவிட்டு, இரண்டு தீபாவளிக்குத் தாங்கும்படி அளவைக் கூட்டி எழுதிக்கொள்வார். தோட்டத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நீ, வா, போ என்று அதட்டிய அம்மாவை இங்கே கடைக்காரர் "வாங்கம்மா, உள்ளுக்கு வாங்க" என்கிறார். வியாபாரத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அது வியாபாரமாகவா கேட்டிருக்கும்? தன் அம்மா ஒன்றை வேண்டுமென்றும் இன்னொன்றை வேண்டாமென்றும் சொல்வதை அது பார்த்தது. தோட்டம் கொடுத்த கம்பளியை மறுக்க முடியாது. கடைக் கம்பளியை விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் மட்டும் உணரவில்லை. அரசியல் செய்ய வந்தவர்களும் கணக்கில் எடுத்தார்கள் என்பதற்குக் கோ. நடேசய்யரின் வாழ்க்கையே சாட்சி. தஞ்சாவூரிலிருந்து வந்த அவர், தோட்டத்துக்குள் எப்படி நுழைவது என்ற கேள்விக்குக் கண்டுபிடித்த விடை புடவை வியாபாரி வேடம். துணி மூட்டை தூக்கியவரைத் தோட்டம் உள்ளே விட்டது; துண்டுப் பிரசுரம் தூக்கியவரை விடவில்லை. கடைத்தெருவின் ஆளாகத் தோற்றம் காட்டினால்தான் தொழிலாளியிடம் பேச முடியும் என்ற நிலை. அவர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது தலைமையிடமாகத் தேர்ந்தது ஹட்டனை. கொழும்பில் பத்திரிகை நடத்திப் பழகியவர், சட்டசபையில் இருந்தவர். அங்கேயே அலுவலகம் வைத்திருக்கலாம். பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டிக் கூலி குறைக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், தோட்டத்திலிருந்து நடந்தே வந்து சேரக்கூடிய, ஆனால் எந்தத் துரையின் அதிகாரமும் செல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, தொழிலாளர் கூடிய இடங்களில் தாமே பாடினார். படிக்கத் தெரியாதவர்களிடமும் செய்தி பாட்டாகப் போய்ச் சேர்ந்தது. 1931இல் அரசாங்க சபைக்கு ஹட்டனிலிருந்து போட்டியின்றித் தெரிவாகி முதல் தொழில் அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம். 1936இல் அதே தொகுதியை நடேசய்யர் வென்றார். பின்னால் வந்த சங்கங்களும் இதே கணக்கைத்தான் போட்டன. வி. கே. வெள்ளையன் 1965இல் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கியதும் ஹட்டனில். ஒரு நகரத்தில் இத்தனை சங்கப் பலகைகள் தொங்குவதற்குக் காரணம் அங்கே தொழிலாளர் வசிப்பதல்ல. சுற்றிலும் வசிப்பவர்கள் பயமில்லாமல் வந்து போகக்கூடிய படிக்கட்டு அங்கே மட்டும் இருந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். ஊரைக் கட்டியவர்கள் துரைமார், வளர்த்தவர்கள் வியாபாரிகள்; மாதத்தில் ஒரு நாள் வந்து போனவர்கள் அதில் எப்படி உரிமை கொண்டாட முடியும் என்று கேட்கலாம். ஊர் யாருடைய திட்டத்தில் எழுந்தது என்பதும், யாருடைய நடமாட்டத்தில் நிலைத்தது என்பதும் இரண்டு கேள்விகள். வங்கியில் கணக்கு வைத்திருந்த துரைமார் சில நூறு பேர். அவர்களுக்கு வேண்டிய சாமான் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ரயிலில் வந்துவிடும். வீதியின் இரு மருங்கும் நெருக்கமாகக் கடை வைக்கும் அளவுக்கு வியாபாரம் கொடுத்தவர்கள், 54 சதமும் 43 சதமும் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள். இன்றும் தீபாவளிக்கு முன் தோட்டங்களில் பண்டிகை முற்பணம் கொடுபட்டதா, எவ்வளவு, எப்போது என்பதை ஹட்டன் கடைக்காரர்கள் தொழிலாளர்களைவிடக் கவலையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். கொழுந்துக் கூடை நின்றால் தெருவும் நிற்கும். அந்தத் தெருவுக்கு உயிர் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே விளங்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தெரு அத்தனை இனிமையாகவா இருந்தது? பற்று வரவுக் கொப்பியில் ஏறிய கடன், அடகுக் கடையில் வைத்த தோடு, சாராயக் கடையில் கரைந்த சம்பளம் இவையும் அதே தெருவில்தானே? பிள்ளைகளின் நினைவு இவற்றை மறைத்துவிட்டு பணிஸையும் பலூனையும் மட்டும் காட்டுகிறது என்பது நியாயமான குற்றச்சாட்டு. தெரு சுரண்டவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடைக் கடனால் அழிந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் கடனிலும் வகை உண்டு. கங்காணிக்குப் பட்ட கடன் ஆளையே கட்டிப்போட்டது. துண்டுச் சீட்டாக அவன் கழுத்தில் தொங்கித் தோட்டம் தோட்டமாகக் கூடவே வந்தது. அந்தக் கடனைக் கொடுத்தவனே வேலை கொடுப்பவன், காம்பரா கொடுப்பவன், பெரட்டில் பெயர் கூப்பிடுபவன். கடைக்காரருக்கு இந்த அதிகாரம் எதுவும் கிடையாது. ஒரு கடையில் பற்று நின்றால் அடுத்த கடையில் கேட்டுப் பார்க்கலாம். ஏமாற்றினால் நடு வீதியில் நின்று சத்தம் போடலாம். நாலு பேர் கூடுவார்கள். பெரட்டுக் களத்தில் சத்தம் போட்டவருக்கு அன்றைக்குப் பெயர் விழாது. அநியாயம் இரண்டு இடத்திலும் இருந்தது. எதிர்த்துப் பேச வழி ஓரிடத்தில்தான் இருந்தது.

மூன்றாவது மறுப்பை நான் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தெரு எல்லாப் பிள்ளைகளின் தெருவாகவும் இருக்கவில்லை. பெண்களின் சம்பளத்தையும் வீட்டு ஆண்களே போய் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமானதே 1984இல்தான். சம்பளத்தை யார் வாங்கினார்களோ அவர்களே டவுனுக்குப் போனார்கள். கூடப் போனது பெரும்பாலும் ஆண் பிள்ளை. தண்ணீர் எடுக்கவும் விறகு பொறுக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் பெண் பிள்ளை லயத்தில் நின்றாள். தீபாவளி, ஆடிப் பூசை, மாணிக்கப் பிள்ளையார் கோவில் திருவிழா, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால்தான் அவளுக்குத் தெரு. இந்த ஏற்றத்தாழ்வு என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது. பொது இடம் என்பது ஒரே நாளில் எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. அதை நாம் படிக்கும்போது, தெருவைப் பற்றி நிறையப் பேசும் ஆண் குரல்களோடு, தெருவைப் பார்க்காமல் காத்திருந்த அக்காமாரின் கதையையும் சேர்த்தே கேட்க வேண்டும். திரும்பி வந்த தம்பி சொன்ன கதையில்தான் பல பெண்கள் ஹட்டனை முதலில் பார்த்திருக்கிறார்கள்.

நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: பொது இடம் என்றால் பாதுகாப்பும் இருக்க வேண்டாமா? 1983 ஜூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது மலையக நகர வீதிகள் தமிழருக்கு எப்படிப்பட்ட இடங்களாயின என்பது தெரிந்ததே. அந்த நாள்களில் டவுன் என்ற சொல்லே தோட்டத்தில் பீதியைக் கிளப்பியது. இதை மறுக்க எதுவும் இல்லை. உரிமையுள்ள இடம் என்பதால் ஆபத்தில்லாத இடம் ஆகிவிடாது. எல்லோரும் வரக்கூடிய இடத்துக்குக் கலகக்காரனும் வருவான். ஆனாலும் கலவரம் அடங்கியதும் மக்கள் அதே வீதிக்குத் திரும்பி வந்தார்கள், சங்க அலுவலகங்கள் மீண்டும் திறந்தன. வேறு போக்கிடம் இல்லாததால்தான் வந்தார்கள் என்று யாராவது சொன்னால், அது என் கட்சிக்கே பலம் சேர்க்கிறது.

1948இன் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரை நாடற்றவராக்கி வாக்கைப் பறித்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த தேர்தலில் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. சட்டத்தின் கண்ணில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த ஆண்டுகளில்தான் ஹட்டன் வீதியில் தீபாவளிச் சட்டை வாங்கினார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் சிதறினார்கள். தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன. தாயகம் திரும்பினார்கள் என்று அரசுக் காகிதம் சொன்னது. ஆனால் போன பிள்ளைகள் இந்தியாவைக் கண்டதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே நகரம் ஹட்டன். இந்தியாவில் இப்போது முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கும் தெருவை, இனிப்புக் கடை ஏக்கம் என்று எப்படிச் சொல்வது? எந்த மண்ணிலிருந்து தங்களை அனுப்பினார்கள் என்பதற்கு அவர்களிடம் இருக்கும் சாட்சியம் அது.

தெருவின் பயன் பிறகு மாறியது. மெதடிஸ்த மிஷனரிமார் 1892இல் தொடங்கிய பள்ளிக்கூடம் ஹைலண்ட்ஸ் கல்லூரியாக வளர்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளை சனி, ஞாயிறு விட்டு மற்ற ஐந்து நாளும் டவுனுக்கு வரவழைத்தது. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியதும் அந்த வரிசை நீண்டது. வெள்ளைச் சீருடையோடு பஸ்ஸுக்கு நின்றவர்களிலிருந்துதான் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சட்டத்தரணிகளும் வந்தார்கள். அப்பாவின் விரலைப் பிடித்து வந்த தலைமுறைக்குத் தெரு ஒரு நாள் விடுதலை. புத்தகப் பையோடு வந்த தலைமுறைக்கு அது வழக்கமான பாதை. உரிமைக் குரலும் அங்கேயே நின்றது. நாள் சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென்ற கோரிக்கை 2015இலிருந்து ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறும் வரை, தொழிலாளர்கள் மறியலுக்கு வந்தது ஹட்டன் மல்லியப்புச் சந்திக்கும் நகரத்துக்கும்தான். தொழிற்சாலை வாசலில் நின்றால் நிருவாகத்துக்கு மட்டும் தெரியும். நுவரெலியா வீதியை மறித்தால் நாட்டுக்குத் தெரியும்.

இது பழங்கதை, இப்போது தோட்டத்துக்கும் டவுனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள் ஒரு சட்டப் பிரிவைப் படித்துப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்தார் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினராலேயே அவர்கள் லயத்துக்கு ஒரு பாதை போட முடியவில்லை. அது திருத்தப்பட்டது 2018இல். முகவரியும் அப்படித்தான்: ஹட்டன் கடைக்கு இலக்கமும் வீதிப் பெயரும் உண்டு, லயத்துக்குப் பல இடங்களில் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான். கடிதம் தோட்ட அலுவலகத்தில் இறங்கிப் பிறகே கைக்கு வரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகத் தேர்வு அழைப்பும் பிந்திக் கிடைத்து வாய்ப்பை இழந்தவர்கள் மலையகத்தில் உண்டு. இதற்குப் பயந்தே டவுனில் தெரிந்த கடையின் முகவரியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நினைவைச் சான்றாக எடுப்பதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. நினைவு ஆண்டைக் குழப்பும், கடையின் வரிசையை மாற்றும். ஆனால் எழுத்துச் சான்று என்று நம்மிடம் என்ன இருக்கிறது? பெர்குசன் வெளியிட்ட இலங்கை விவரக் கொத்துகளில் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் ஏக்கரும் உரிமையாளரும் துரையும் இருக்கிறார்கள். கொழுந்து பறித்தவர்களின் பெயர் இல்லை. வங்கிப் பேரேட்டில் அவர்கள் இல்லை. 1948க்குப் பிறகு நெடுங்காலம் வாக்காளர் பட்டியலிலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தை எல்லாப் பதிவேட்டிலிருந்தும் விட்டுவிட்டு, அவர்கள் சொல்வதற்கு ஆவணம் எங்கே என்று கேட்பது முறையாகாது. நினைவை நினைவோடு ஒப்பிட்டு, சட்டத்தோடும் கூலி விகிதத்தோடும் ரயில் வந்த ஆண்டோடும் உரசிப் பார்த்துப் பயன்படுத்த முடியும். மஸ்கெலியாவைப் பாருங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரமே 1960களின் இறுதியில் நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் தலைகாட்டுகின்றன. அந்தக் கடைவீதியில் யார் எங்கே இருந்தார் என்பது இப்போது வயதானவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. ஹட்டன் தண்ணீருக்குள் போகவில்லை என்றாலும், பழைய கடைகள் இடிந்து கண்ணாடி மாடிகள் எழும் வேகத்தில் அங்கும் மிஞ்சப்போவது அதுதான்.

எனவே ஹட்டனிலோ டிக்கோயாவிலோ கூடலூரிலோ இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுபது வயது தாண்டிய தாத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: முதல் தடவை டவுனுக்கு எந்த வயதில் போனீர்கள், யாரோடு, எந்த வழியாக, எந்தக் கடையில் பற்று இருந்தது, யார் எப்படிக் கூப்பிட்டார்கள், போக விடாமல் யாரை வீட்டில் நிறுத்தினார்கள். கைப்பேசியில் பதிந்து, ஆண்டும் தோட்டத்தின் பெயரும் குறித்து வையுங்கள். தாத்தா காலத்துக் கடை வைத்திருப்பவர்கள் பழைய பற்று வரவுக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு பாடசாலை நூலகத்துக்காவது கொடுத்துவிடுங்கள். தோட்டத் தொழிலாளியின் பெயர், துரையின் செக்றோலுக்கு வெளியே மரியாதையோடு எழுதப்பட்டிருக்கும் பழைய ஏடுகளில் அவையும் சேர்த்தி.